கொள்ளைநோய், காண்ட்ராக்ட், வீடு: சில வரலாற்றுக் குறிப்புகள்

1

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் வந்து, 21 நாளைக்கு யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார். எங்கள் வீட்டில் இரண்டே பேர், நானும் அம்மாவும். வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு நகராட்சி. ஊர்ப்பெயர் வேண்டாம். எந்த ஊரைச் சொன்னாலும் கதை ஒன்றுதான். அம்மா அந்த நகராட்சியில் காண்ட்ராக்டில் தெருப் பெருக்குகிறவர். நான் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு ஓர் அலுவலகத்தில் அவுட்சோர்சிங்கில் டேட்டா என்ட்ரி பார்த்துக்கொண்டிருந்தவள்.

டி.வி.யை அணைத்ததும் அம்மா கேட்டது: "அப்ப காத்தால நான் போவணுமா வாணாமா?"

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "பெருக்கறவங்களுக்கு லீவு கெடையாதும்மா. அஞ்சரைக்கு வந்துரச் சொல்லு. வரலன்னா வேற ஆளு போட்டுருவாங்க" என்றார். போலீஸ் பிடித்தால் என்ன செய்வது, பாஸ் உண்டா என்று கேட்டேன். "தொடப்பம் கையில இருக்கு இல்ல, அதுதான் பாஸ். எவன் புடிக்கப் போறான்" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த ஒன்றரை மாதத்தில் தொடப்பத்தோடு போன அம்மாவை யாரும் நிறுத்தவில்லை. தொடப்பத்தை நகராட்சி ஷெட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போதுதான் இரண்டு தடவை லத்தியைக் காட்டி விரட்டினார்கள்.

என் கதை வேறு மாதிரி. அலுவலகத்தில் நிரந்தர ஊழியர்களுக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க உத்தரவு வந்தது. கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் பார்த்த அதே பைலை, அதே பக்கங்களைத்தான் நானும் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்படிக் கொடுங்கள் என்று கேட்டேன். அலுவலகத்தில் சொன்னார்கள்: "நீங்க எங்க ஸ்டாஃப் இல்லியேம்மா, ஏஜென்சியக் கேளுங்க." ஏஜென்சியில் சொன்னார்கள்: "ஆபீஸ்ல ஆர்டர் குடுத்தா எங்களுக்கு ஒண்ணும் இல்ல." இரண்டு பேருக்கும் நடுவில் நான் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை என்னுடையது. அதற்கு வீடு மறுக்கப்பட்டது. தெருவில் மட்டுமே செய்யக்கூடிய வேலை அம்மாவுடையது. அதற்குப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள். மறுக்கச் சொன்ன காரணம் ஒன்றே: இரண்டு பேருமே காண்ட்ராக்ட்.

எங்கள் தாத்தா இதே நகராட்சியில் பர்மனென்ட் தோட்டி. அப்படித்தான் அவர் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தார். மலம் அள்ளியவர். சாதி அவரை அந்த வேலைக்கு அனுப்பியது. ஆனால் அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது, லீவு இருந்தது, செத்தபிறகு பாட்டிக்குப் பென்ஷன் வந்தது. அவர் மகள் காண்ட்ராக்ட். அவர் பேத்தி எம்.ஏ. படித்த காண்ட்ராக்ட். மூன்று தலைமுறையில் படிப்பு ஏறியிருக்கிறது, வேலை இறங்கியிருக்கிறது. இது எப்படி நடந்தது என்று அந்த இரண்டு மாதத்தில் யோசிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்புகள்.

2

ஒப்பந்தம் என்ற சொல்லைச் சட்டப் புத்தகங்கள் மிகவும் மரியாதையாகச் சொல்லும். சமமான இரண்டு பேர் மனமொத்துச் செய்துகொள்ளும் ஏற்பாடு என்று. நம்ம ஆளுங்களுடைய வரலாற்றில் அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் ஒருநாளும் இருந்ததில்லை.

1859இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம் என்று பெயர். முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் அவனைத் திரும்ப வேலை செய்ய வைக்கலாம், பணத்தைக் கட்டச் சொல்லலாம், கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை சிறையில் போடலாம். வேலை கொடுத்தவன் பேச்சை மீறினால் அது சிவில் வழக்கு. வேலைக்காரன் மீறினால் அது கிரிமினல் குற்றம். இந்தச் சட்டம் 1926இல்தான் செத்தது. அறுபத்தேழு வருஷம்.

அதே காலத்தில்தான் கப்பல் கப்பலாக நம் சனம் ஒப்பந்தக் கூலிகளாகப் போனது. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று நேட்டாலில் போய் நின்றது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். அங்கே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்கூட இல்லை, கங்காணியின் கடன் இருந்தது. அந்தக் கடன் தொகையை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. அடுத்த துரை கடனைக் கட்டினால்தான் ஆள் கைமாறும். 1921இல் அது ஒழிக்கப்பட்டது.

தோட்டத்துக்குப் போகிறவர்களை இராமநாதபுரம் மண்டபத்தில் முகாம் கட்டி நிறுத்தி வைத்தார்கள். பிளேக், காலரா, அம்மை கொண்டுவந்துவிடுவார்களாம். சட்டை கழற்றி, மருந்து நீரில் குளிப்பாட்டி, பல நாள் வைத்திருந்து, பிறகுதான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றினார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கின கனவான்களுக்கு அந்த முகாம் வாசம் இல்லை. 'குவாரன்டைன்' என்ற சொல்லை 2020இல்தான் தமிழ்நாடு கேள்விப்பட்டது என்று பத்திரிகைகள் எழுதின. நம் பாட்டன் பாட்டிகள் அந்தச் சொல்லுக்குள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே வரிசையில் நின்றவர்கள். அந்த முகாம்தான் பின்னால் ஈழ அகதிகளுக்கான முகாமாகவும் ஆனது.

காண்ட்ராக்ட் என்பது வேலையைக் கொடுப்பதற்கான ஏற்பாடு இல்லை, பொறுப்பைக் கைகழுவுவதற்கான ஏற்பாடு என்பதை இந்த வரலாற்றிலிருந்துதான் நான் புரிந்துகொண்டேன். கூலிக்காரன் செத்தால் துரை கங்காணியைக் காட்டுவான், கங்காணி கடனைக் காட்டுவான். அலுவலகம் ஏஜென்சியைக் காட்டியதுபோல.

3

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் வந்தது. டாக்டர் அகாசியோ வீகாஸ் அதைக் கண்டு சொன்னார். சில மாதங்களில் எட்டு லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். வியாபாரி ஓடினான், குமாஸ்தா ஓடினான், மில் தொழிலாளி ஓடினான். ஓடக்கூடாது என்று வெள்ளைக்காரன் மிகவும் கவலைப்பட்டது ஒரு கூட்டத்தைப் பற்றித்தான். ஹலால்கோர் என்று சொல்லப்பட்ட மலம் அள்ளுகிறவர்கள், குப்பை வாருகிறவர்கள். இவர்கள் போய்விட்டால் நகரம் வாழ முடியாததாகிவிடும் என்ற பயம் அப்போதைய மாநகராட்சி ஆணையர் ஸ்நோவின் பிளேக் அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது.

நகரம் யார் கையில் இருக்கிறது என்று அதிகாரத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் சட்டம் முந்திக்கொண்டது. பிளேக் வருவதற்கு ஆறு வருஷத்துக்கு முன்பே, 1890இல், பம்பாய் மாகாணத்தில் நகராட்சி ஊழியர் சட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். துப்புரவு வேலை செய்கிறவர் முன்னறிவிப்புக் கொடுக்காமல் வேலையை விட்டால் தண்டனை. குமாஸ்தா ராஜினாமா செய்யலாம், தோட்டி செய்யக்கூடாது. சாதி வேலையைப் பிறப்பால் கட்டாயமாக்கியது, நவீன நகராட்சி அதைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. மனுவும் முனிசிபாலிடியும் இந்த இடத்தில் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 2020இல் நம்மீது போடப்பட்டதும் அதே சட்டம்தான், நூற்று இருபத்து மூன்று வயது ஆன சட்டம். சென்னை மாகாணத்தில் அதன் பேரில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். நோய் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் வருகிறவன் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு பத்து நாள் தினமும் போய் அதிகாரியிடம் தலையைக் காட்ட வேண்டும். 2020இன் இ-பாஸுக்கு அதுதான் தாத்தா.

பிளேக் என்றதும் பாடப்புத்தகம் நமக்குச் சொல்வது ராண்ட் துரையைச் சாபேகர் சகோதரர்கள் புனேயில் சுட்ட கதை. 1897 ஜூன் 22. பிராமண வீட்டுக்குள் சிப்பாய் பூட்ஸ் காலோடு நுழைந்தான், சமையலறை தீட்டானது, அதனால் வீரம் பிறந்தது. அதே புனேயில், அதே வருஷம் மார்ச் 10 அன்று, நோய் கண்டவர்களைக் கவனித்துக்கொண்டே பிளேக் தொற்றிச் செத்துப்போனார் சாவித்திரிபாய் பூலே. மகன் யஷ்வந்தோடு சேர்ந்து நோயாளிகளுக்குச் சிகிச்சைக்கூடம் நடத்தியவர். தீண்டக்கூடாது என்று சொல்லப்பட்ட பிள்ளைகளைத் தொட்டுத் தூக்கியவர். தமிழ் எம்.ஏ. இரண்டு வருஷத்தில் எனக்குச் சாபேகர் பெயர் வந்தது, சாவித்திரிபாய் பெயர் வரவில்லை. அதை இயக்கத்துக்கு வந்தபிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1918இல் இன்புளுயன்சா. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். பம்பாய் நகரத்தில் சாதிவாரியாக, மதவாரியாகச் சாவுக் கணக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8.3 பேர். மற்ற இந்துக்களில் 18.9 பேர். 'கீழ்ச்சாதி இந்துக்கள்' என்று அவர்கள் எழுதியவர்களில் 61.6 பேர். கிருமிக்குச் சாதி தெரியாது என்று 2020இல் ரொம்பப் பேர் பேசினார்கள். கிருமிக்குத் தெரியாதுதான். ஆனால் யார் எங்கே குடியிருக்கிறார், யார் எத்தனை பேரோடு ஓர் அறையில் படுக்கிறார், காய்ச்சலோடு யார் வேலைக்குப் போகிறார் என்பதெல்லாம் சாதிக்குத் தெரியும். அது கிருமிக்கு வழி காட்டும்.

4

விடுதலைக்குப் பிறகு என்ன நடந்தது? 1970இல் ஒப்பந்தத் தொழிலாளர் (முறைப்படுத்தல் மற்றும் ஒழிப்பு) சட்டம் வந்தது. வருஷம் முழுக்க நடக்கும் வேலையில் ஒப்பந்த முறையை அரசு தடை செய்யலாம் என்பது அதில் ஒரு பிரிவு. அதை வைத்து 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. தன் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்குவது, துடைப்பது, தூசி தட்டுவது, காவல் காப்பது ஆகியவற்றுக்கு ஒப்பந்த ஆட்கள் கூடாது. தொடப்பம் பிடிக்கிற கைக்கு நிரந்தர வேலை என்று இந்த நாட்டில் எழுதப்பட்ட ஒரு நல்ல தாள் அது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஏர் இந்தியாவில் பெருக்கித் துடைத்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டால் அந்தத் தொழிலாளர் நிறுவனத்தின் நேரடி ஊழியர் ஆவார் என்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து வருஷம்கூட நிலைக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30 அன்று ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி எழுதியது. ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரம் ஆகமாட்டான் என்றது. 1976 அறிவிக்கையையும் ரத்து செய்தது.

அதற்கு முந்தின வருஷம் சென்னையில் நடந்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னை மாநகராட்சி சில மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் என்ற தனியார் கம்பெனிக்குக் கொடுத்தது. ஒரே ஆண்டு, ஒரே நகரம், இரண்டு வகைக் காண்ட்ராக்ட். ஒன்றில் அமெரிக்காவின் வேலை ஒப்பந்தத்தில் இங்கே வந்தது. இன்னொன்றில் இங்கேயே இருந்த வேலை ஒப்பந்தத்தில் கைவிட்டுப் போனது. அதே ஆண்டில்தான் கூவம் ஓரத்துச் சனத்தையும் மற்றக் குடிசைப் பகுதிச் சனத்தையும் கொண்டுபோய் அடைக்கக் கண்ணகி நகர் எழும்ப ஆரம்பித்தது. அதுவும் அதே பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்தில். அங்கே முதலில் கட்டிக்கொடுத்த வீடு இருநூறு சதுர அடிகூட இல்லை. ஓனிக்ஸுக்குப் பிறகு 2007இல் நீல் மெட்டல், 2012இல் ராம்கி, 2020இல் உர்பேசர் சுமீத். கம்பெனிப் பெயர் மாறிக்கொண்டே வந்தது. சீருடையின் நிறம் மாறியது. பெருக்கும் கை மாறவில்லை. ஆதி ஆந்திரர், அருந்ததியர், பறையர், காட்டுநாயக்கர் கைதான்.

காண்ட்ராக்ட் வந்தபோது இடஒதுக்கீடு வாசல் வழியாகப் போகவில்லை, கொல்லைப்புறமாகப் போனது. நிரந்தரப் பணியிடத்துக்கு இனச்சுழற்சி உண்டு, ஏஜென்சி எடுக்கும் ஆளுக்கு அது கிடையாது. என் அலுவலகத்தில் அவுட்சோர்சிங்கில் இருந்த பதினாறு பேரில் டேபிளுக்கு முன்னால் உட்கார்ந்த தலித் நான் ஒருத்திதான். ஹவுஸ்கீப்பிங்கில் ஏழு பேர். ஏழு பேரும் நம்ம ஆளுங்க. அங்கே யாரும் இடஒதுக்கீடு கேட்கவில்லை, நூற்றுக்கு நூறு தானாகவே நிரம்பியிருந்தது.

இதில் நம் பக்கத் தப்பும் உண்டு, அதையும் எழுத வேண்டும். நிரந்தரத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த நம்மவர்களே பல ஊரில் காண்ட்ராக்ட் ஆட்களைச் சங்கத்தில் சேர்க்கவில்லை. "அவங்கள சேத்தா நம்ம போனஸ் பேச்சு கெட்டுப்போவும்" என்று எங்கள் காலனியிலேயே ஒரு பெரியவர் சொன்னார். அவர் ரிடையரான இடத்தில் ஆள் போடவில்லை. அவர் மருமகள் இன்றைக்குக் காண்ட்ராக்டில் பெருக்குகிறாள்.

5

இனி 2020இன் உத்தரவுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

மார்ச் 13: கால்சென்டர், ஐ.டி. கம்பெனி ஆட்கள் வீட்டிலிருந்து வேலை செய்யத் தடையாக இருந்த விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை தளர்த்தியது. மார்ச் 19: மத்திய அரசின் பி, சி பிரிவு ஊழியர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று உத்தரவு. மார்ச் 23: மத்திய அரசு அலுவலகங்களின் ஒப்பந்த, தினக்கூலி, அவுட்சோர்சிங் ஆட்கள் ஊரடங்கால் வீட்டில் இருந்தாலும் பணியில் இருந்ததாகக் கருதிச் சம்பளம் கொடுக்கச் சொன்னது நிதித்துறை. நல்ல உத்தரவுதான், ஆனால் என் அலுவலகம் அதன் எல்லைக்குள் வரவில்லை. மார்ச் 24: உள்துறையின் ஊரடங்கு உத்தரவில் நகராட்சிகளின் துப்புரவு, குடிநீர் வேலைகளுக்கு விலக்கு. அத்தியாவசியப் பணி. மார்ச் 29: எல்லா முதலாளிகளும் பிடித்தமில்லாமல் கூலி கொடுக்க வேண்டும் என்று இன்னோர் உத்தரவு. மே 18இலிருந்து அது இல்லாமல் போனது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. ஏஜென்சியோடு நான் என்ன பேசித் தீர்ப்பது? அந்த ஏஜென்சி ஆளின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்குக் கைதட்டினார்கள், தட்டு தட்டினார்கள். அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டில் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார்கள். தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இரண்டு சொல்லுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். அம்மாவுக்குத் தெரியவில்லை. "பேரு மாத்துனா கூலி ஏறுமா?" என்று கேட்டது. இல்லை என்றேன். "அப்ப எந்தப் பேராயிருந்தா இன்னா" என்றது.

செப்டம்பர் வந்தது. நோய் உச்சத்தில் இருந்த அதே மாதத்தில் நாடாளுமன்றத்தில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றினார்கள். பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில், ஒரு நிறுவனத்தின் மையமான வேலையில் ஒப்பந்த ஆட்கள் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். எது மையமான வேலை இல்லை என்ற பட்டியலைப் பாருங்கள். முதலில் நிற்பது துப்புரவு வேலை: பெருக்குவது, துடைப்பது, தூசி தட்டுவது, எல்லா வகைக் கழிவையும் சேகரிப்பது, அகற்றுவது. அந்த நிறுவனமே அந்த வேலைக்காகவே ஏற்பட்டதாக இருந்தால் ஒழிய, அது மையம் இல்லை. மார்ச்சில் நீ அத்தியாவசியம், அதனால் வீட்டில் இருக்கக் கூடாது. செப்டம்பரில் நீ மையம் இல்லை, அதனால் நிரந்தரம் ஆகக் கூடாது. ஒரே அரசு, ஒரே வருஷம், ஆறு மாத இடைவெளி. 1976இல் எந்த மூன்று வேலைக்கு ஒப்பந்தத்தைத் தடை செய்தார்களோ, அதே பெருக்குதல், துடைத்தல், தூசி தட்டுதலைத்தான் 2020இல் பெயர் சொல்லி ஒப்பந்தத்துக்குத் திறந்துவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்புகள் நடைமுறைக்கும் வந்துவிட்டன.

2020 டிசம்பர் 31 அன்று வெளியான சேவைத்துறைக்கான மாதிரி நிலையாணை வரைவில் 'வீட்டிலிருந்து வேலை' என்பது சட்ட மொழிக்குள் நுழைந்தது. புதிய காலம் பிறந்துவிட்டது என்று எழுதினார்கள். அப்போது எனக்குப் பெரியம்மா ஞாபகம் வந்தது.

பெரியம்மா குடியாத்தம் பக்கம் பீடி சுற்றியவர். நாற்பது வருஷம் வீட்டிலிருந்துதான் வேலை. ஏஜென்ட் இலையும் தூளும் நூலும் நிறுத்துக் கொடுப்பான். மடியில் முறம் வைத்துக்கொண்டு, அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு சுற்றுவார். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தால், நல்ல பீடியையும் கழிவு என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குக் கூலி. பீடிக் கம்பெனிகள் வேலையை வீட்டுக்கு அனுப்பியதற்குக் காரணம் பெண்கள்மீது கருணை இல்லை. கூடம் கட்டி ஆள் வைத்தால் தொழிற்சாலைச் சட்டம் வரும். வீட்டுக்குள் சட்டம் வராது. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன. 1974இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

ஆக, வீட்டிலிருந்து வேலை என்பது ஐ.டி. கம்பெனி கண்டுபிடித்தது இல்லை. காண்ட்ராக்டர் கண்டுபிடித்தது. வீட்டுக்கு அனுப்பினால் அவனுக்கு லாபம் என்றால் வீட்டுக்கு அனுப்புவான், நுரையீரலில் புகையிலைத் தூள் போனாலும். தெருவில் நிறுத்தினால் லாபம் என்றால் தெருவில் நிறுத்துவான், கொள்ளைநோய் வந்தாலும். எங்கே இருந்து வேலை செய்வது என்ற கேள்வியில் நமக்குத் தேர்வு இருந்ததே இல்லை. 2020இல் சிலருக்கு அந்தத் தேர்வு கிடைத்தது. கிடைத்தவர்கள் யார் என்று பாருங்கள், கிடைக்காதவர்கள் யார் என்று பாருங்கள். எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் இந்தக் கணக்கை நீங்களே எடுக்கலாம்.

6

2020 ஜூலையில் அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் சொல்லாமல் வேலைக்குப் போனது. நான்காம் நாள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டது. டெஸ்ட் எடுத்தார்கள், பாசிட்டிவ். ஒரு பள்ளிக்கூடத்தை முகாம் ஆக்கி வைத்திருந்தார்கள், அங்கே கொண்டுபோனார்கள். எங்கள் வீடு ஒரே அறை, ஒரே பாய். தனிமைப்படுத்திக்கொள்ள இடமில்லை. கதவில் தகரம் அடித்தார்கள். நான் உள்ளே. காலனியில் பதினோரு வீட்டுக்குத் தகரம்.

பதினான்கு நாள் கழித்து அம்மா திரும்பி வந்தது. அந்த நாட்களுக்குக் கூலி இல்லை. "வேலைக்கி வராததுக்கு எப்பிடிம்மா கூலி போடறது?" என்றார் மேஸ்திரி. இ.எஸ்.ஐ. இருக்கிறதே, மாதாமாதம் பிடிக்கிறீர்களே, நோய்க்கால உதவித்தொகை எழுதிப் போடுகிறேன் என்று நான் காண்ட்ராக்டர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். அதில் அம்மா பெயர் இல்லை.

அம்மா 2014இல் தன் அண்ணிக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது பதிலாகப் போய்ச் சேர்ந்தது. பெயர் மாற்றித் தருகிறோம் என்றார்களாம். காண்ட்ராக்டர் இரண்டு தடவை மாறிவிட்டான், பெயர் மாறவில்லை. அத்தை 2016இலேயே இறந்துபோனார். ஆறு வருஷமாக அம்மா பெருக்கின தெருவெல்லாம் அத்தை கணக்கில் ஏறியிருந்தது. பிடித்த பணம் செத்துப்போனவர் பெயரில். கொரோனாவில் தெருவில் நின்றவரும் காகிதத்தில் செத்துப்போன ஒருவர்தான். நோய்க்கால வேலைக்கு ஊக்கத்தொகை என்று பின்னால் ஒரு பட்டியல் வந்தபோதும் இதே கதை. நகராட்சியில் போய்க் கேட்டால், "எங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல, காண்ட்ராக்டரக் கேளு." என் அலுவலகத்தில் எனக்குச் சொன்ன அதே வாக்கியம்.

நாங்கள் சண்டை போட்டோம். இயக்கத் தோழர்களைக் கூட்டிக்கொண்டு போய் நகராட்சி வாசலில் உட்கார்ந்தோம். இறப்புச் சான்றிதழை நகல் எடுத்துக் கொடுத்து, ஏழு மாதம் அலைந்து, பதிவேட்டில் அம்மா பெயரை ஏற்ற வைத்தோம். அப்போது தேடினதில் அந்த ஒரே பதிவேட்டில் இன்னும் நான்கு பேர் வேறு ஆள் பெயரில் வேலை செய்வது தெரிந்தது. பழைய பணம் வரவில்லை. அம்மாவுக்கு இப்போதும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இப்போதும் பெருக்குகிறது.

2021 ஜனவரியில், பொங்கலுக்கு முன்னால், சென்னையில் கொரோனாக் காலம் முழுக்க உழைத்த நூற்றுக்கணக்கான தற்காலிகத் துப்புரவுத் தொழிலாளர்களை வேலை இல்லை என்று அனுப்பினார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தொழிலாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பகுதி பெண்கள். மழையிலும் பதின்மூன்று நாள் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் இழுத்துப்போனது. நானும் இரண்டு நாள் அங்கே போயிருந்தேன். ஓர் அக்கா சொன்னார்: "கொரோனாவுல எங்கள விட்டா ஆளே இல்லன்னாங்க. இப்ப எங்களத்தான் வாணாங்கறாங்க." பம்பாயில் 1896இல் நகரம் யார் கையில் இருந்ததோ, அவர்கள் கைதான் இது.

தோல்விகள் மட்டும் இல்லை. மும்பையில் குப்பை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம் பல வருஷம் வழக்கு நடத்தி, 2017 ஏப்ரலில் 2,700 பேரை நிரந்தரமாக்கும் தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் வாங்கியது. அங்கேயும் மாநகராட்சி, இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்றுதான் சொன்னது. அங்கேயும் யார் எந்தத் தெருவில் எத்தனை வருஷம் வேலை செய்தார் என்று ஒவ்வொருவர் பெயராக நிரூபிக்கவேண்டி வந்தது.

அதனால் இதைப் படிக்கிற தோழர்களுக்கு, முக்கியமாக மாணவர்களுக்கு, ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர் நகராட்சிக்கு, ஆஸ்பத்திரிக்கு, நீங்கள் படிக்கும் கல்லூரிக்குப் போங்கள். அங்கே பெருக்குகிறவர்களிடம் பெயரைக் கேளுங்கள், காண்ட்ராக்டர் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2020இல், 2021இல் அவர்கள் எங்கே வேலை செய்தார்கள், யார் செத்தார்கள், யாருக்கு என்ன கொடுத்தார்கள், கொடுக்கவில்லை என்று தேதியோடு எழுதி வையுங்கள். பிளேக்கில் செத்த ஹலால்கோர் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆணையர் பெயர் தெரியும். இந்தத் தடவையாவது அப்படி ஆகக் கூடாது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது என்றால் என்ன என்று அதற்கு மறுபடியும் விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுச் சொன்னது:

"நான் ஊட்ல இருந்து பெருக்கணும்னா நம்ம ஊட்டத்தாண்டி பெருக்கணும். அதுக்கு எவன் கூலி குடுப்பான்?"

பிறகு, "எம்பேர எழுதியிருக்கியா அதுல?" என்று கேட்டது. இல்லம்மா, வேலைக்கு ஏதாவது பிரச்சினை வந்துடப்போவுது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. "ஏழு மாசம் அலைஞ்சி ஏத்தின பேரு" என்றது.